முப்பத்தோரு அம்புக்குறி

அவளுக்கு வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். வீட்டில் கேட்டால் அது வேலையில்லை, பிறவிக் குணம் என்பார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனாலும் மாதச் சம்பளம் வருவது அதற்குத்தான். வெளிநாட்டுக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைத்து அனுப்புகிற கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துணியைப் பார்ப்பாள். நூல் விட்டிருந்தாலோ, கறை இருந்தாலோ, தையல் கோணியிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். ஒட்டிய துணி தைத்தவர்களிடமே திரும்பிப் போகும். கம்பெனியில் அவளுக்கு 'அம்பக்கா' என்று பெயர்.

நாலு வருடத்துக்கு முன் அந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது, சாமான் வண்டி வாசலில் நிற்கும்போதே கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் உருளையை எடுத்துவிட்டாள். ஹாலின் மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம், ஒரு அம்பு. ஜன்னல் கண்ணாடியில் விரிசல், ஒரு அம்பு. சமையலறைக் கதவின் அடிப்பாகம் செல்லரித்துப் போயிருந்தது, குளியலறைக் குழாய் சொட்டியது, நடுக்கூடத்தில் மூன்று ஓடு பெயர்ந்திருந்தது, ஸ்விட்ச் பெட்டி உடைந்திருந்தது. கடைசியில் எண்ணினால் முப்பத்தொன்று. புருஷன் கூச்சத்தில் நெளிந்தான். ஓனர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டான். அவர் நினைப்பதற்குத்தான் ஒட்டுகிறேன் என்றாள்.

முப்பத்தொன்றையும் வரிசை எண் போட்டு ஒரு தாளில் எழுதி ஓனரிடம் நீட்டினாள். நாளைக்கு வீட்டைக் காலி செய்யும்போது இதையெல்லாம் நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். அந்த மனிதர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்துப் போடக் காசா பணமா, போட்டுக் கொடுத்தார். "எல்லாத்தையும் பாத்துக்கலாம்மா" என்றார்.

பார்த்துக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நாலு வருடமாக அவர் வாடகைக்குப் பதில் திருப்பித் தந்துகொண்டிருந்தார். ஈரம் ஏறுகிறது சார் என்றால் பார்த்துக்கலாம். மழைக்கு ஜன்னல் ஒழுகுகிறது சார் என்றால் பார்த்துக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அவர் வீட்டு வாசலுக்கு வருடம் தவறாமல் புதுப் பெயின்ட் அடிப்பதை அவள் வேலைக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டே போவாள். 'பாத்துக்கலாம்' என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

அவரைவிட அதிகமாக எரிச்சல் மூட்டியது புருஷன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற ஆள், ஓனர் முன்னால் நின்றால் மட்டும் தலையாட்டி பொம்மை. "சரி சார்." இதைத் தவிர அவன் வாயிலிருந்து அந்த மனிதரிடம் வேறு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது, இருக்க ஒரு இடம் இருக்கிறதே என்பான். இவனுக்குச் சொரணையை எந்தக் கடையில் வாங்கி ஊட்டுவது என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்திருப்பாள். மகள்தான் கிளப்பிவிட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள். ஒருநாள் கொல்லைப்புறத்தில் நின்று போனில் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இப்ப வேணாம்ப்பா, எங்க வீட்டுல பெயின்ட் வேலை நடக்குது." எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, குழந்தை "ஆமா, இன்னும் முடியல" என்றது. விசாரித்தால், இரண்டு வருடமாக அந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். யாரும் வீட்டுக்கு வந்துவிடாமல் இருக்க, இல்லாத பெயின்டரை இரண்டு வருடம் வேலை வாங்கியிருக்கிறாள்.

அவளுக்கு மகள்மேல் கோபமில்லை. ஓனர்மேல் கோபம், புருஷன்மேல் கோபம், பதினாறு வருடமாக ஊரார் வீட்டு ஜன்னலுக்குப் போகிற திரைச்சீலையில் ஒரு நூல் பிசகாமல் பார்த்து அனுப்பிவிட்டு, சொந்த ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டி வைத்திருக்கிற தன்மேலும் கோபம்.

அந்த வாரம் கம்பெனி சாம்பிள் அறையில் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய படப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஒரு பக்கத்தில் வெள்ளை அலமாரி. ஓரமெல்லாம் பெயின்ட் உரிந்து உள்ளே பழைய நீலம் தெரிகிறது. பக்கத்தில் கால் தேய்ந்த மேசை, சாயம் போன பூத்துணி, ரசம் போன கண்ணாடி. இதையெல்லாம் நான் அப்போதே ரிஜெக்ட் பண்ணியிருப்பேனே என்றுதான் முதலில் தோன்றியது. கீழே போட்டிருந்த விலையைப் பார்த்ததும் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்தாள். மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், இதற்குப் பெயர் ஷேபி ஷிக்காம், ஷேபி என்றால் நைந்தது, ஷிக் என்றால் நேர்த்தி, பழசை மறைக்காமல் பழசாகவே அழகாகக் காட்டுகிற பாணியாம்.

"அப்ப ஷேபி நம்மகிட்ட நிறையவே இருக்கு" என்றாள் அம்மா. "ஷிக்கை மட்டும் சேத்தா போதும்."

ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிடித்து எட்டு வாரம். இடித்த கட்டடச் சாமான் விற்கிற இடத்தில் கதவுக்குக் கதவு தட்டிப் பார்த்து, உளுத்துப்போகாத பழைய மரக்கதவு நாலு பொறுக்கினாள். காயலான் கடையில் கால் ஒன்று போன அலமாரியும் ஒரு மேசையும். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் பிளாஸ்டர் பவுடரைக் கரைத்துக் கலந்தால் வழவழப்பில்லாமல் சுண்ணாம்பு போலப் பிடித்துக்கொள்ளும் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். மெழுகு இருக்கிற இடத்தில் பெயின்ட் ஒட்டாது. காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாக இழுத்தால் அங்கே மட்டும் உரிந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கும். நல்ல பெயின்டை வேண்டுமென்றே உரிப்பதற்கு முதல்நாள் அவளுக்குக் கையே வரவில்லை. இரண்டாம் நாள் ருசி கண்டுவிட்டது. எந்த இடத்தில் ஒரு பொருள் உண்மையாகத் தேயும், எந்த இடத்தில் தேயாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கைபடுகிற இடத்தில் மட்டும் தேய்த்தாள்.

கம்பெனியில் கழித்துப் போட்ட லேஸ் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி வந்தாள். அதில் பாதிக்கு மேல் அவளே அம்பு ஒட்டித் தள்ளியவை. தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு நிறம் ஏற்றி ஜன்னலுக்குத் திரை தைத்தாள், விரிசல் மறைந்தது. வெட்டி எறிந்த ஓரத்துணிகளைப் பின்னி விரிப்பாக்கிப் பெயர்ந்த ஓடுகளின்மேல் போட்டாள். நாலு கதவையும் மேற்குச் சுவர் நெடுகப் பக்கம் பக்கமாக நிறுத்தி, காற்றுப் போக இடைவெளி விட்டு, புருஷனை விட்டுத் திருகாணி போடச் சொன்னாள். ஈரச்சுவர் இருந்த இடம் தெரியவில்லை. ஓனரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் குழாயும் ஸ்விட்ச் பெட்டியும் சமையலறைக் கதவுக்கு அடிப்பலகையும் தானே வாங்கி மாட்டினாள். ஓனருடைய சொட்டுக் குழாயையும் உடைந்த பெட்டியையும் கதவின் செல்லரித்த அடிப்பலகையையும் தூக்கி எறியவில்லை. சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். சரக்கு யாருடையதோ அவர்களிடம் திரும்பிப் போக வேண்டும், அது செக்கிங்கில் பழகிய பழக்கம்.

மகளின் சிநேகிதிகள் ஐந்து பேர் வந்தார்கள். கதவுச் சுவருக்கு முன்னால் நின்று மாற்றி மாற்றிப் படமெடுத்துக்கொண்டார்கள். இதற்குத்தான் இரண்டு வருடம் ஆச்சா என்று ஒருத்தி கேட்டதும் மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு கதவு சுமக்கலாம் போலிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் வாடகை வாங்க வந்த ஓனரை, "உள்ள வந்து பாருங்க சார், எங்க வீட்டுல என்ன பண்ணியிருக்காங்கன்னு" என்று புருஷன் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன? அவளும்தான் அன்றைக்குப் புத்தி கெட்டுப் போனாள். நாலு வருடமாக வாசற்படி தாண்டாத மனிதர் வாய் நிறையப் பாராட்டவும் உச்சி குளிர்ந்துவிட்டது. மெழுகுவர்த்தி சூட்சுமத்தைக்கூட விளக்கினாள். அவர் தலையாட்டிக்கொண்டே அறை அறையாகப் போனில் படமெடுத்தார். வீட்டில் காட்டுவதற்கு என்றார். வெளிச்சம் போதாது என்று சொன்னதும் அவளே ஓடிப்போய்த் திரையை விலக்கிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். மச்சான் குடும்பம் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறதாம், வீடு வேண்டுமாம், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். அட்வான்ஸில் மிச்சமிருப்பது இந்த மாத வாடகைக்குச் சரியாகப் போய்விடும் என்று அதையும் அவரே முடித்தார்.

"சரி சார்" என்றான் புருஷன்.

மச்சான் என்றால் சொந்த ரத்தம் மாதிரி, என்ன செய்ய முடியும் என்று அவள் இரண்டு நாள் மனதைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிற பெண் போனை நீட்டி, "அக்கா, இது உங்க வீடுதானே?" என்று கேட்டாள். வாடகை விளம்பரம். அவளுடைய நாலு கதவு. அவளுடைய லேஸ் திரை. மகளின் மேசை, அதன்மேல் மகளின் கணக்கு நோட்டுகூட அப்படியே இருக்கிறது. 'பழமை அழகு கொஞ்சும் கலைநயமிக்க வீடு, பர்னிச்சருடன்.' வாடகை ஒன்றரை மடங்கு.

மச்சானுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

அன்று மாலை வேலை முடிந்து நேராக ஓனர் வீட்டுக்குப் போனாள். புருஷனையும் வரச்சொல்லியிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த மனிதர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, மூஞ்சியில் ஒரு சுருக்கம் விழாமல் திருப்பிக் கொடுத்தார். மச்சான் வருவது தள்ளிப்போய்விட்டதாம்.

"என் வீட்டு போட்டோவைத்தானேம்மா போட்டேன்?"

"அதுல இருக்கறது என் கதவு சார். என் பொண்ணோட மேசை."

"குப்பையிலேருந்து பொறுக்கினதுதானே?" என்றார் அவர், ரொம்பப் பிரியமாக. "உங்களுக்கு எதுக்கு இனிமே அதெல்லாம், சுமந்துட்டு? இருக்கட்டும் விடுங்க, ஏதாவது பாத்துப் போட்டுத் தர்றேன். கழட்டறேன்னு சொல்லி எதையாவது மாத்தி வச்சிடாதீங்க. அக்ரிமென்ட்லயே இருக்கு, வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே ஒப்படைக்கணும்னு."

குப்பையாம். எட்டு ஞாயிற்றுக்கிழமை குனிந்து தேய்த்த இடுப்பு வலியை அந்த ஆள் ஒரு வார்த்தையில் கூட்டித் தள்ளிவிட்டார். கொண்டு வந்த நாலு கேள்வியில் முதலாவதைக் கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் அவர் கடைசியாகச் சொன்னது அவளுக்கு உறைத்தது. வீடு எப்படி இருந்ததோ அப்படியே.

"சரி சார்" என்றாள். புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த வார்த்தை அவளிடமிருந்து வந்து அவன் கேட்டதேயில்லை.

வேறு வீடு கிடைத்தது. ஒரு அறை குறைவு, மகள் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதை நினைத்தால் மட்டும் கோபம் தணிந்து துக்கம் வந்துவிடும் போலிருந்தது, அதனால் நினைக்காமல் இருந்தாள். ஒப்படைக்கிற நாள் ஞாயிறு காலை. அன்றைக்கே புதிதாகக் குடிவருகிறவர்களைப் பத்து மணிக்கு அழைத்து வருவதாக ஓனர் சொல்லியனுப்பியிருந்தார். வீட்டைக் கொஞ்சம் பெருக்கி வைக்கவும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமையே அலமாரியும் மேசையும் திரையும் விரிப்பும் வண்டியேறிவிட்டன. மிச்சமிருந்தது நாலு கதவும் பரண்மேல் இருந்த சாக்கும். ஞாயிறு விடிந்ததும் தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்தாள். புருஷனிடம் நீட்டினாள். அவன் முதலிலிருந்து கடைசிவரை படித்தான், கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்தான். வேண்டாம் என்பான், அவருக்கு மனசு கஷ்டமாகும் என்பான் என்று அவள் சண்டைக்குத் தயாராக இருந்தாள். அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினான்.

புதுக் குழாயைக் கழற்றிச் சொட்டுக் குழாயை மாட்டினான். ஸ்விட்ச் பெட்டியையும் மாற்றினான். சமையலறைக் கதவின் அடியில் செல்லரித்த பலகையை, அது உதிர்ந்துவிடாமல் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்து, இருந்த இடத்திலேயே பொருத்தினான். கடைசியாக நாலு கதவையும் திருகாணி கழற்றி, இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். திருகாணி இருந்த ஓட்டைகளைக்கூட அவன் அடைத்துப் பூசினான். பின்னால் இருந்த சுவரைப் பார்த்து மகள் மூக்கைப் பொத்தினாள். இடுப்பளவு இருந்த ஈரம் இப்போது தோளைத் தொட்டிருந்தது.

அவள் தாளில் இருந்தபடி இடுப்பு உயரத்தில்தான் அம்பு ஒட்டினாள். அதற்குமேல் வளர்ந்தது அந்த மனிதரின் சொந்தச் சம்பாத்தியம், அதில் அவளுக்குப் பங்கு வேண்டாம். மகள் எண்ணைப் படிக்கப் படிக்க அவள் ஒட்டிக்கொண்டே போனாள். முப்பத்தொன்றும் முடிந்தபோது மணி ஒன்பதே முக்கால். சொன்னபடி வீட்டைச் சுத்தமாகப் பெருக்கியும் வைத்தாள்.

ஓனர் ஒரு இளம் தம்பதியோடு படியேறி வந்தார். வாசலில் இருந்தே பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்து ஸ்டைல், உள்ளே வந்ததும் அந்தக் கதவு டிசைனைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே நுழைந்தவர் பாதியில் நின்றார். வெறும் ஹால். வெயில் நேராகச் சுவரில் விழுந்திருந்தது. எங்கே திரும்பினாலும் ஒரு சிவப்பு அம்பு. குளியலறையிலிருந்து சொட்டுச் சத்தம் கேட்டது.

"என்னம்மா இது?" என்றார்.

"நீங்க சொன்னதுதான் சார். வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே." தாளை விரித்தாள். செக்கிங் மேசையில் குறைப் பட்டியல் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். "ஒண்ணு, ஹால் மேற்குச் சுவர், ஈரம். ரெண்டு, ஜன்னல் கண்ணாடி, விரிசல். மூணு, நாலு, அஞ்சு, தரை ஓடு. கீழே உங்க கையெழுத்து. எண்ணிப் பாத்து வாங்கிக்கங்க."

வந்திருந்த பெண் சுவர்ப் பக்கம் போய் அம்பு காட்டிய இடத்தில் விரலை வைத்தாள். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்து அவள் செருப்பில் விழுந்தது. போட்டோவில் இருந்த கதவெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

"அது என்னோடதும்மா. வண்டியில இருக்கு" என்றாள் அவள். "இந்தச் சுவரு இவரோடது. நாலு வருஷமா கேட்டோம். கேட்டா என்ன சொல்லுவாருன்னு நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் கேட்கவே கேட்டாள், குடிவருவதற்கு முன்னால் இதைச் சரிசெய்து கொடுப்பீர்களா சார் என்று. நாக்குப் பழகிவிட்டது பாருங்கள், யோசிக்கவே இல்லை அந்த மனிதர்.

"பாத்துக்கலாம்மா."

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துவிட்டுப் போன் பண்ணுவதாகச் சொல்லி, படியிறங்கிப் போய்விட்டார்கள். பண்ணமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஓனர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். கோபத்தில் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பிக் கத்த நாலு வருடத்துச் சரக்கு அவளிடம் இருந்தது. அவர் கத்தவில்லை. குரலை இறக்கிக்கொண்டார். இந்த நிலையில் இந்த வீட்டை வேறு யார் எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"சரி விடும்மா, நடந்தது நடந்துடுச்சு. நீங்களே இருந்துக்கங்க. பழைய வாடகைக்கே. அந்தக் கதவையெல்லாம் கொண்டாந்து இருந்த மாதிரியே மாட்டிடுங்க."

அவளுக்கு ஒரு நிமிடம் மனசு ஆடியது. இரண்டு பஸ் நினைவுக்கு வந்தது, மகளின் சிநேகிதிகள் நினைவுக்கு வந்தார்கள். அந்த ஒரு நிமிடம் ஆடினோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதற்குள் ஓனர் அவளை விட்டுவிட்டு, எப்போதும் தலையாட்டுகிற ஆளிடம் திரும்பிவிட்டார். "என்ன தம்பி? இவங்க கோவத்துல இருக்காங்க. நீங்க சொல்லுங்க. சாமானை இறக்கிடலாமா?"

புருஷன் ஸ்பேனரைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். நிதானமாகத் துடைத்து முடித்துப் பைக்குள் வைத்தான். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, அந்த மனிதரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கியும் விட்டான்.

"பாத்துக்கலாம் சார்" என்றான்.

மூன்று பேரும் படியிறங்கி வண்டியில் ஏறினார்கள். நாலு கதவுக்கும் நடுவில் உட்கார இடம் குறைவாக இருந்ததால் மகள் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.